பழைய தகரம், பழைய கதவு: வீட்டுக்குப் பின்னால் சொந்தமாக ஒரு கொட்டகை போடலாமா?

தீபாவளியோ சீனப் புத்தாண்டோ நோன்புப் பெருநாளோ, எது வந்தாலும் இரண்டு மாதத்துக்கு முன்பே நம்மூர் தாமான்களில் வீட்டை உடைத்துக் கட்டும் வேலை தொடங்கிவிடும். ஒருவர் சமையலறையைப் பின்னால் தள்ளுவார். இன்னொருவர் கார் நிறுத்தும் இடத்துக் கூரையை மாற்றுவார். அப்போது வேலியோரம் வந்து சாய்ந்து கிடப்பவற்றைக் கவனித்திருப்பீர்கள். நெளி தகரம், நாக்கோ ஜன்னல், ஒற்றைக் கையால் தூக்க முடியாத பலகைக் கதவு, கூரையிலிருந்து இறக்கிய சட்டங்கள். நான்கைந்து நாளில் பழைய சாமான் லோரி வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடும்.

அதைப் பார்க்கும்போது பலருக்கும் ஒரே யோசனைதான் வரும். "இதை வெச்சே நம்ம வீட்டுப் பின்னால ஒரு சின்ன கொட்டகை போட்டுடலாமே?" புல் வெட்டும் இயந்திரம், மண்வெட்டி, உர மூட்டை, காலிப் பூச்சட்டிகள் எல்லாம் நனையாமல் இருக்க ஒரு இடம். கடையில் விற்கும் பிளாஸ்டிக் கொட்டகை வெயிலில் சில ஆண்டுகளிலேயே வெளிறி நொறுங்கத் தொடங்குவதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆசை இன்னும் அதிகம்.

போடலாம். கையில் ஓரளவு பழக்கம் உள்ள இருவர் சில வார இறுதிகளில் முடிக்கக்கூடிய வேலைதான். ஆனால் சும்மா கிடைப்பதெல்லாம் நல்ல பொருள் இல்லை. சிலவற்றைத் தொடவே கூடாது. அதோடு, "வெறும் ஸ்தோர்தானே" என்று நாம் நினைப்பதைச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

கொட்டகைக்கும் அனுமதி வேணுமா?

வேண்டும். தீபகற்ப மலேசியாவில் 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டம் நடப்பில் உள்ளது. சட்டம் 133 என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அந்தச் சட்டம் 'கட்டடம்' என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்திலேயே வீட்டோடு சேர்த்து குடிசை, கொட்டகை, கூரை போட்ட அடைப்பு ஆகியவையும் இடம்பெறுகின்றன. அதில் மனிதர் குடியிருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்டடம் கட்டடம்தான். ஊராட்சி மன்றத்தின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் கட்டடம் எழுப்பக் கூடாது என்று அதே சட்டத்தின் 70ஆம் பிரிவு கூறுகிறது. சபாவிலும் சரவாக்கிலும் தனிச் சட்டங்கள் உள்ளன. அங்கும் உள்ளூர் மன்றத்திடம்தான் கேட்க வேண்டும்.

பயப்பட வேண்டாம். ஒரு கொட்டகைக்காக முழு வீட்டுக்கு உரிய வரைபடத்தையும் கட்டடக் கலைஞரையும் எல்லா மன்றங்களும் கேட்பதில்லை. சிறு கட்டுமானங்களுக்கென எளிய அனுமதி முறை பல மன்றங்களில் இருக்கிறது. வீட்டின் மதிப்பீட்டு வரி ரசீது, எந்த இடத்தில் எவ்வளவு அளவில் போடப் போகிறீர்கள் என்று காட்டும் ஒரு வரைபடம், சில இடங்களில் பக்கத்து வீட்டாரின் சம்மதக் கடிதம் ஆகியவற்றைப் பொதுவாகக் கேட்பார்கள். எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், எவ்வளவு உயரம் போகலாம் என்பது மன்றத்துக்கு மன்றம் வேறுபடும். முகப்பிடத்துக்கு ஒரு முறை நேரில் போய்க் கேட்பதே நல்லது. நண்பர் ஒருவர் வேறு ஊரில் போட்டார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது உங்கள் மன்றத்தில் செல்லாது.

அனுமதி இல்லாமல் போட்டால் உடனே யாரும் வந்து நிற்க மாட்டார்கள், உண்மைதான். பெரும்பாலும் பிரச்சினை புகாரில்தான் தொடங்கும். உங்கள் கூரைத் தண்ணீர் பக்கத்து வீட்டுச் சுவரில் கொட்டினால் போதும். புகார் போனால் அதிகாரி வருவார். அனுமதி இல்லாத கட்டுமானத்தை இடிக்கச் சொல்லும் அதிகாரம் மன்றத்துக்கு இருக்கிறது. வாங்கிய சிமெண்டும் செலவழித்த சனி ஞாயிறும் அத்தோடு போச்சு.

பின்சந்து உங்கள் நிலம் அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். "யாரும் பயன்படுத்தல, சும்மாதான் கிடக்கு" என்று அங்கே தூண் நடுவது, கால்வாயின் மேல் பலகை போட்டு அதன்மேல் கொட்டகை வைப்பது இரண்டும் முதலில் உடைபடும் வகை. தீயணைப்பு வண்டியும் கால்வாய் சுத்தம் செய்பவர்களும் போக வேண்டிய வழி அது. வாடகை வீடு என்றால் உரிமையாளரிடமும், காவல் உள்ள குடியிருப்பு என்றால் நிர்வாகத்திடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பொருளை எங்கே தேடுவது?

முதல் இடம் உங்கள் தாமான்தான். வீடு உடைக்கும் குத்தகையாளருக்குக் கழிவை ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டுவது செலவு. ஆகவே "அண்ணே, அந்தக் கதவு வேணுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் "எடுத்துக்குங்க" என்றுதான் பதில் வரும். ஆனால் கேட்டுவிட்டு எடுங்கள். வீட்டுக்காரர் அதை வேறு யாருக்காவது சொல்லி வைத்திருக்கலாம். பழைய மரம் விற்கும் கடைகளும் பல ஊர்களில் இருக்கின்றன. அங்கே விலை இருக்கும், ஆனால் தரம் பார்த்துப் பொறுக்கலாம்.

ஆள் இல்லாத தோட்டத்து லயங்களிலிருந்து கதவும் சட்டமும் கழற்றுபவர்கள் இருக்கிறார்கள். வீடு காலியாகக் கிடக்கலாம். அதற்கு உரிமையாளர் இல்லை என்று அர்த்தம் இல்லை. நிலம் தோட்ட நிறுவனத்துடையதாகவோ வீடமைப்பு நிறுவனத்துடையதாகவோ இருக்கும். அனுமதி இல்லாமல் எடுத்தால் அது திருட்டு. அப்பா அம்மா அங்கே முப்பது வருடம் குடியிருந்தார்கள் என்பது மனத்துக்கு நியாயமாகத் தோன்றலாம், காவல் நிலையத்தில் உதவாது.

தொழிற்சாலை வாசலில் கிடக்கும் மரத்தட்டுகளையும், அதாவது பேலட்டுகளையும், இதே கண்ணோடு பாருங்கள். நீலமோ சிவப்போ பூசி நிறுவனப் பெயர் அச்சடித்த தட்டுகள் பெரும்பாலும் வாடகைக்கு விடும் நிறுவனங்களின் சொத்து. அவை தூக்கி எறியப்பட்டவை அல்ல. வண்ணம் இல்லாத சாதாரணத் தட்டில் கோதுமைக் கதிர் போன்ற ஒரு முத்திரை இருந்தால் அது நாடு விட்டு நாடு போக அனுமதி பெற்றது. அதில் 'எச்டி' என்ற எழுத்துகள் இருந்தால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டது என்று பொருள். அது நல்லது. 'எம்பி' என்று இருந்தால் மெத்தில் புரோமைடு புகை போடப்பட்டது, அதை விட்டுவிடுங்கள். எந்த எழுத்து இருந்தாலும், எண்ணெயோ இரசாயனமோ கொட்டிய கறையும் நாற்றமும் இருந்தால் வேண்டாம்.

பேலட் மரத்தில் இன்னொரு சிக்கல். நம் நாட்டில் பல தட்டுகள் ரப்பர் மரத்தில் செய்யப்படுகின்றன. நம் தாத்தா பாட்டி பால் வெட்டிய அதே மரம். அதன் உள்ளே மாவுச்சத்து அதிகம். அதனால் வண்டுக்கும் பூஞ்சைக்கும் அது விருந்து. வீட்டுக்குள் நாற்காலியாக இருந்தால் பல ஆண்டு நிற்கும். மழையிலும் மண்ணிலும் சீக்கிரம் உளுத்துவிடும். கொட்டகைக்குள் அலமாரி போட அதைப் பயன்படுத்துங்கள். தூணுக்கு வேண்டாம்.

தூணுக்கு எது? பழைய வீட்டுக் கூரையிலோ கதவு நிலையிலோ செங்கால் மரம் கிடைத்தால் விடாதீர்கள். கனம் அதிகம், கரும்பழுப்பு நிறம், ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். கரையானும் அதை எளிதில் அண்டாது. இன்று புதிதாக வாங்கப் போனால் விலை கேட்டுத் திரும்பி வர வேண்டியிருக்கும். மெராந்தி இளஞ்சிவப்பாகவும் இலேசாகவும் இருக்கும். சுவர்ச் சட்டத்துக்கு அது போதும், மண்ணைத் தொடக்கூடாது.

எந்த மரமானாலும் வீட்டுக்குக் கொண்டு வருமுன் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் விட்டுவிடுங்கள். தட்டும்போது பொத்தென்று ஒலித்தால் உள்ளே கூடு. சட்டத்தின் அடியில் ரவை போலச் சிறு மணிகள் உதிர்ந்திருந்தால் அது உலர்மரக் கரையானின் எச்சம். மாவு போலப் பொடி உதிர்ந்தால் வண்டு. அந்த மரத்தைக் கொட்டகைக்கு என்று கொண்டு வந்தால், நீங்கள் வீட்டுக் கதவு நிலைக்கும் சேர்த்து விருந்தாளியை அழைத்து வருகிறீர்கள்.

பச்சைச் சாயல் உள்ள பதப்படுத்திய மரத்தில் ஆர்சனிக், குரோமியம், செம்பு கலந்த மருந்து ஏற்றப்பட்டிருக்கலாம். தூணாகப் பயன்படுத்தலாம். ஆனால் கீரைப் பாத்திக்கு ஓரம் கட்டவோ, மிச்சத் துண்டை அடுப்பில் எரிக்கவோ கூடாது. எரித்தால் ஆர்சனிக் புகையிலும் சாம்பலிலும் வரும். கறுப்பாக, தார் வாடை அடிக்கும் பழைய தண்டவாளக் கட்டைகளுக்கும் இதே எச்சரிக்கை.

சாம்பல் நிற நெளி ஓட்டைத் தொடாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

பழைய வீடுகளின் கூரையில், குறிப்பாகக் கார் நிறுத்தும் இடத்திலும் சமையலறைப் பின்புறத்திலும், சாம்பல் நிறத்தில் தடித்த நெளி ஓடுகள் இருக்கும். தகரம் மாதிரி ஒலிக்காது. சிமெண்ட் மாதிரி இருக்கும். தட்டையான கூரை உள்பலகையாகவும் வரும். அவற்றில் பலவற்றில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், கலந்திருக்கலாம். புதிய ஓடுகளில் கல்நார் இல்லாத வகைகளும் அதே தோற்றத்தில்தான் இருக்கின்றன. கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது. ஆய்வுக்கூடச் சோதனை ஒன்றே வழி.

ஓடு முழுசாக, உடையாமல், கூரையில் இருக்கும் வரை ஆபத்து குறைவு. உடைக்கும்போதும், அறுக்கும்போதும், துளை போடும்போதும், உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் கலக்கும். மூச்சோடு உள்ளே போனவை நுரையீரலில் தங்கிவிடும். உலகச் சுகாதார நிறுவனம் எல்லா வகைக் கல்நாரையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகவே வகைப்படுத்தியுள்ளது. நுரையீரல் புற்றுநோய், நுரையீரல் உறையில் வரும் மீசோதெலியோமா, நுரையீரல் இறுகிப்போகும் ஆஸ்பெஸ்டோசிஸ் ஆகியவை இதனால் வருபவை. நோய் வெளிப்பட இருபது முப்பது ஆண்டுகள்கூட ஆகலாம். அதனால்தான் "நாங்க எத்தனை ஓட்டை உடைச்சிருக்கோம், ஒன்னும் ஆகலையே" என்ற பேச்சுக்கு மதிப்பில்லை. அன்று உடைத்தவருக்கு என்ன ஆனது என்று பார்க்க நாம் பக்கத்தில் இருப்பதில்லை.

ஆகவே சும்மா கொடுத்தாலும் அந்த ஓட்டை வாங்காதீர்கள். உங்கள் வீட்டிலேயே பழைய நெளி ஓடு இருந்து, அதைக் கழற்றித்தான் கொட்டகை போட வேண்டும் என்றால், சோதிக்காமல் கை வைக்க வேண்டாம். தூளாகவோ இழையாகவோ உள்ள கல்நார்க் கழிவு இந்நாட்டில் அட்டவணைக் கழிவு. 2005ஆம் ஆண்டு விதிமுறைகளில் அதற்கு 'எஸ்டபிள்யூ 201' என்ற குறியீடு உண்டு. சாதாரணக் குப்பையோடு போடும் பொருள் அல்ல. ஏற்கெனவே உடைந்து கிடந்தால் தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, பிள்ளைகளை அண்ட விடாமல், அகற்றத் தெரிந்தவரை அழையுங்கள். சாதாரணத் துணி முகக்கவசம் இந்த இழைகளைத் தடுக்காது.

பழைய கதவின் சாயமும் இப்படித்தான், அளவில் சிறியது என்றாலும். பல பத்தாண்டுகளுக்கு முன் பூசிய சாயத்தில் ஈயம் இருக்கலாம். உலர்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூள் பறக்கும். ஈரப்படுத்திச் சுரண்டுங்கள், அல்லது அப்படியே விட்டுவிட்டு மேலே புதுச் சாயம் பூசுங்கள். சின்னப் பிள்ளை உள்ள வீட்டில் நான் இரண்டாவது வழியைத்தான் சொல்வேன்.

அளவும் அடித்தளமும்

ஆறுக்கு எட்டு அடி நல்ல அளவு. ஒரு வீட்டுத் தோட்டச் சாமான்கள் அதில் அடங்கும். இன்னொரு வசதியும் உண்டு. ஆறடி, எட்டடிப் பக்கங்கள் சரியான செங்கோணத்தில் இருந்தால் மூலைக்கு மூலை சரியாகப் பத்து அடி வரும். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். கயிறும் நான்கு முளைக்குச்சியும் போதும். இரண்டு மூலைவிட்டமும் பத்து அடி காட்டும் வரை முளையை நகர்த்துங்கள். இந்த இடத்தில் அரை மணி நேரம் கூடுதலாகச் செலவழித்தால், கூரை போடும்போது தகரம் ஒரு பக்கம் நீண்டு மறு பக்கம் குட்டையாக நிற்காது.

தூணை நேராக மண்ணில் புதைக்காதீர்கள். மலாய்க்காரர்களின் பழைய கம்போங் வீடுகளில் தூணுக்குக் கீழே கல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மரம் மண் ஈரத்தைத் தொடாது. கரையான் ஏறினாலும் அதன் மண்பாதை கல்லின் மேல் வெளியே தெரியும். அதே ஏற்பாடுதான் நமக்கும் வேண்டும்.

ஆனால் கல்லின் மேல் சும்மா உட்கார வைத்தால் போதாது. கனமான மர வீட்டுக்கு அது சரி, தகரக் கொட்டகைக்குச் சரி இல்லை. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுற்றிலும் ஓரடி நீட்டினால் கூரை எட்டுக்குப் பத்து அடி, அதாவது ஏறக்குறைய 7.4 சதுர மீட்டர். அந்தத் தகரம் மொத்தமும் ஒரு பத்து வயதுப் பிள்ளையின் எடைதான் இருக்கும். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 25 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் கொடுக்கும். கூரை முழுவதையும் அது மேல்நோக்கித் தூக்கினால் சுமார் 185 கிலோ. மேற்குக் கரை மாநிலங்களில் இருப்பவர்களுக்கு சுமத்ரா புயல்காற்று தெரியும். மலாக்கா நீரிணையைத் தாண்டி அதிகாலையில் வந்து, அரை மணி நேரம் ஆட்டி வைத்துவிட்டுப் போகும். கதவு திறந்திருந்தால் உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்தும் தள்ளும்.

பறந்து போன தகரம் உங்கள் வீட்டில் விழுவதில்லை. பக்கத்து வீட்டிலோ தெருவிலோதான் விழும். யார் தலையில் என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது.

தீர்வு எளிது. நான்கு மூலையிலும் ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரடி ஆழம் குழி தோண்டிக் காங்கிரீட் போடுங்கள். ஒரு கன அடிக் காங்கிரீட் ஏறக்குறைய 68 கிலோ. நான்கும் சேர்ந்து 270 கிலோவைத் தாண்டும். மேலே சொன்ன 185 கிலோவுக்கு இது போதும். ஒன்றுக்கு இரண்டு மணல், நான்கு கல் என்ற கலவையில் ஒரு மூட்டை சிமெண்டே நான்கு குழிக்கும் வரும். காங்கிரீட் ஈரமாக இருக்கும்போதே ஒரு தடித்த இரும்புப் பட்டையை நட்டு, தூணின் அடியை அதில் போல்ட்டால் இறுக்குங்கள். தூண் தரையிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் உயர்ந்து நிற்கட்டும். நடுவில் துளை உள்ள சிமெண்ட் கட்டிகளை அடுக்கி அதன்மேல் வைப்பது பலரும் செய்வது. அது எடை தாங்கும், ஆனால் பிடித்து வைக்காது.

சட்டம், சுவர், கூரை

நான்கு கம்பை ஆணி அடித்துச் சதுரமாக்கித் தள்ளிப் பாருங்கள், சாய்ந்து நசுங்கும். அதன் குறுக்கே மூலையிலிருந்து மூலைக்கு ஒரு சட்டம் போட்டால் அசையாது. முக்கோணம் வடிவம் மாறாது, சதுரம் மாறும். அவ்வளவுதான் விஷயம். சொந்தமாகக் கட்டிய கொட்டகைகள் சாய்ந்து நிற்பதற்குப் பெரும்பாலும் இந்தக் குறுக்குச் சட்டம் இல்லாததே காரணம். கதவு இருக்கும் பக்கம் தவிர மற்ற மூன்று பக்கமும் ஒவ்வொன்று போடுங்கள். இணைப்புகளுக்கு ஆணியைவிடத் திருகாணி நல்லது. பழைய கடின மரத்தில் முதலில் துளை போட்டுவிட்டுத் திருகுங்கள், இல்லாவிட்டால் மரம் பிளக்கும்.

பழைய ஜன்னலையும் கதவையும் முதலில் கையில் வைத்துக்கொண்டு, அவற்றின் அளவுக்கு ஏற்றபடி சட்டத்தை அமையுங்கள். சட்டத்தை அடித்துவிட்டு அதற்குப் பொருந்தும் கதவைத் தேடி அலைவது வீண் வேலை. நாக்கோ ஜன்னல் இந்த ஊர்க் கொட்டகைக்கு அருமையான பொருள். மழையில் சாய்த்து வைத்தாலும் காற்று வரும், தகரச் சூடு வெளியே போகும். பழைய கண்ணாடித் துண்டுகள் உடைந்தால் கத்தி மாதிரி உடையும். ஒவ்வொன்றையும் கழற்றி நாளிதழில் சுற்றி, நிற்க வைத்துக் கொண்டு வாருங்கள். படுக்க வைத்து அடுக்கினால் வண்டி ஒரு குழியில் இறங்கும்போதே தெரிந்துவிடும்.

கூரையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம் என்பது என் கருத்து. பழைய தகரத்தில் முந்தைய ஆணித் துளைகள் இருக்கும். ஒவ்வொரு துளையும் ஒரு ஒழுகல். சிலிக்கோன் வைத்து அடைத்தாலும் வெயிலில் அது உரிந்து வரும். ஆகவே பழைய தகரத்தைச் சுவருக்குப் போடுங்கள், கூரைக்கு நான்கைந்து புதுத் தகரம் வாங்குங்கள். சுவரில் மழை வழுக்கிப் போய்விடும். கூரையில் அப்படி இல்லை. கோலாலம்பூர் வட்டாரத்தில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர் தண்ணீர். கணக்குப் பார்த்தால் உங்கள் சின்னக் கூரை ஆண்டுக்கு 17,000 லிட்டருக்கு மேல் தண்ணீரைத் தள்ளிவிடுகிறது.

ஆறடி அகலத்துக்குக் குறைந்தது ஓரடி சரிவு கொடுங்கள். சரிவு பக்கத்து வீட்டை நோக்கி இருக்கக் கூடாது. தகரம் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடத்தில் ஒன்றரை நெளி மூடட்டும். திருகாணியை ரப்பர் வாஷரோடு நெளியின் மேட்டில் போடுங்கள், பள்ளத்தில் போடாதீர்கள். தண்ணீர் ஓடுவது பள்ளத்தில்தான். காற்று முதலில் பிடிப்பது ஓரத்தை, ஆகவே ஓர வரிசையில் திருகாணி நெருக்கமாக இருக்கட்டும்.

மரத்துக்கு 'மினியாக் ஹித்தாம்' பூசும் பழக்கம் இன்னும் இருக்கிறது. வண்டியில் இருந்து வடித்த கறுப்பு எண்ணெய்தான், கரையான் வராது என்பார்கள். அது தோலுக்குக் கெடுதல், மழையில் வழிந்து மண்ணுக்கும் கால்வாய்க்கும் போகும், தீயும் எளிதில் பிடிக்கும். வெளி மரத்துக்கு உரிய மரப்பூச்சையே வாங்குங்கள். போரேட் மருந்து நல்லதுதான், ஆனால் மழையில் கரைந்துவிடும். நனையாத உள்சட்டத்துக்கு மட்டும் பூசலாம்.

பழைய சாமான் குவியலில் யார் குடியிருக்கிறார்?

தகரத்தையும் பலகையையும் சேர்த்து வைத்துவிட்டு, "அடுத்த மாசம் ஆரம்பிக்கலாம்" என்று விடுவோம். அந்த ஒரு மாதத்தில் அதன் அடியில் பூரான், தேள், சில நேரம் நல்ல பாம்பே வந்து குடியேறும். தகரத்தைத் தூக்கும்போது உங்களுக்கு எதிர்ப்புற ஓரத்தை ஒரு கம்பால் நெம்பித் தூக்குங்கள். தகரம் உங்களுக்கும் பாம்புக்கும் நடுவில் கேடயமாக இருக்கும். விரலை அடியில் விடாதீர்கள். பாம்பைப் பார்த்தால் அடிக்கப் போகாமல் தள்ளி நின்று 999க்கு அழையுங்கள். பொதுத் தற்காப்புப் படையினர் வந்து பிடிப்பார்கள்.

ஆணி குத்தினால் "துரு இருந்துச்சா?" என்றுதான் முதலில் கேட்போம். இழுப்பு நோயை உண்டாக்கும் கிருமி துருவில் பிறப்பதில்லை, மண்ணிலும் அழுக்கிலும் இருப்பது. பளபளக்கும் ஆணியும் ஆபத்துதான். கடைசியாகத் தடுப்பூசி போட்டுப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால், வேலை தொடங்குமுன் கிளினிக்கில் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். தடித்த அடி உள்ள காலணி, தோல் கையுறை, கண்ணாடி இல்லாமல் பலகை பிரிக்க வேண்டாம். பிரித்த பலகையில் ஆணியை உடனே பிடுங்கிவிடுங்கள். நிமிர்ந்து கிடக்கும் ஆணிப் பலகையை யாராவது மிதித்தே தீருவார்கள்.

கொசு விஷயத்தில் சுகாதார அதிகாரி காரணம் கேட்க மாட்டார். நிமிர்த்தி வைத்த துளைக் கட்டி, மடிந்து கிடக்கும் கேன்வஸ், குப்புறக் கவிழ்க்காத ஓடு, அறுத்த மூங்கிலின் முனை, இவை எல்லாவற்றிலும் தண்ணீர் நிற்கும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாள் போதும். 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ், வீட்டு வளாகத்தில் கொசுப் புழு இருந்தால் 500 ரிங்கிட் வரை அபராதம் போடலாம். சும்மா கிடைத்த தகரத்தின் விலை அப்போது தெரியும். டிங்கி காய்ச்சல் வந்தால் கணக்கே வேறு. பொருள் சேர்க்கும் காலத்தில் எல்லாவற்றையும் சாய்த்து வையுங்கள், வாரம் ஒரு முறை பாருங்கள். வேலை முடிந்த பிறகு கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடிப்பதாக இருந்தால் பீப்பாயின் வாயை நுண்வலையால் இறுக்கிக் கட்டுங்கள்.

விளக்கு போடலாமா?

பகலில் மட்டும் பயன்படுத்துவதாக இருந்தால் மின்சாரமே வேண்டாம். தகரத்துக்கு நடுவே ஒளி புகும் பிளாஸ்டிக் தகடு ஒன்று போட்டால் போதும். இரவிலும் வேண்டும் என்றால் சூரிய ஒளியில் ஓடும் சிறு விளக்கு மலிவாகக் கிடைக்கிறது. வீட்டிலிருந்து நீட்டிப்பு வயரை இழுத்து நிரந்தரமாக விட்டுவிடுவது கூடவே கூடாது. நனைந்த தரை, உலோகச் சுவர், தேய்ந்த வயர் மூன்றும் ஒரே இடத்தில். முறையான இணைப்பு வேண்டுமானால் எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற மின்கம்பியாளரைக் கூப்பிடுங்கள்.

தகரக் கொட்டகையின் உள்ளே மதியம் நிற்க முடியாத சூடு இருக்கும். சமையல் எரிவாயுக் கலனை அங்கே வைக்காதீர்கள். புல் வெட்டும் இயந்திரத்துக்கான பெட்ரோலைத் தேவைக்கு மட்டும், மூடி இறுகிய கலனில், நிழலான பக்கத்தில் வையுங்கள். உரத்தையும் பூச்சி மருந்தையும் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், பூட்டு போட்டு வைப்பது நல்லது.

மிச்சம் விழுந்த மரத்துண்டு, உடைந்த ஓடு, கண்ணாடி ஆகியவற்றை வழக்கமான குப்பை லோரி எடுத்துக்கொள்ளாது. பின்சந்தில் கொட்டினால் அதற்குத் தனியாக அபராதம் உண்டு. அனுமதி வாங்கப் போகும் அதே நாளில், இவற்றை எங்கே கொண்டு போடலாம் என்றும் முகப்பிடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கிடைத்த அனுமதிக் கடிதத்தை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். வீட்டை விற்கும்போது வாங்குபவர் அதைக் கேட்க வாய்ப்பு உண்டு.